பெண் எம்.பி.க்களின் எண்ணிக்கையைத் தேர்தல் முறை எப்படி முடிவு செய்கிறது?

நாடாளுமன்றங்களில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். மக்கள் பெண்களுக்கு வாக்களிப்பதில்லை என்பது ஒன்று. பெண்கள் அரசியலுக்கு முன்வருவதில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவை மட்டுமே காரணம் என்றால், ஒரே நாட்டில், ஒரே நாளில், அதே வாக்காளர்கள் அதே கட்சிகளுக்கு அளித்த வாக்குகளிலிருந்து ஓரிடத்தில் 5% அளவிலும் இன்னோரிடத்தில் 75% அளவிலும் பெண்கள் தேர்வாகியிருக்க முடியாது. நேபாளத்தில் அப்படித்தான் நடந்தது.

நேபாள நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 275 இடங்கள் உள்ளன. 2022 நவம்பரில் நடந்த தேர்தலில் அந்த அவைக்காக ஒவ்வொரு வாக்காளரும் இரண்டு வாக்குச்சீட்டுகளைப் பெற்றார். முதல் சீட்டில் தன் தொகுதியில் நிற்கும் ஒரு வேட்பாளருக்கும், இரண்டாவது சீட்டில் ஒரு கட்சியின் சின்னத்துக்கும் ஸ்வஸ்திகா முத்திரையைக் குத்தினார். முதல் சீட்டின் மூலம் 165 தொகுதிகளுக்கு உறுப்பினர்கள் தேர்வானார்கள். நம் நாட்டைப் போலவே, அதிக வாக்குப் பெற்றவருக்கு வெற்றி. இரண்டாவது சீட்டில் கட்சிகள் பெற்ற வாக்கு விகிதத்தின்படி மீதி 110 இடங்கள் பகிரப்பட்டு, கட்சிகள் முன்கூட்டியே தேர்தல் ஆணையத்திடம் கொடுத்திருந்த பெயர்ப்பட்டியல்களிலிருந்து நிரப்பப்பட்டன. 165 தொகுதிகளில் வென்ற பெண்கள் 9 பேர். பட்டியல் வழியாக வந்த 110 பேரில் பெண்கள் 82 பேர். அதற்கு முந்தைய 2017 தேர்தலிலும் இதே கதைதான்: தொகுதிகளில் 6 பேர், பட்டியலில் 84 பேர்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், வாக்கு விகிதப்படி இடங்களைப் பகிரும் விகிதாசார முறை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு, நாடாளுமன்றத்துக்கு ஒரு கட்சி அனுப்பும் மொத்த உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. தொகுதிகளில் குறைந்தால் பட்டியலில் ஈடுசெய்ய வேண்டும். சட்டம் கேட்டது மூன்றில் ஒரு பங்கு. அதை எங்கே கொடுப்பது என்பது கட்சிகளின் விருப்பம். தொகுதிகள் ஏறக்குறைய முழுவதையும் ஆண்களுக்கு வைத்துக்கொண்டு, பெண்களுக்கான கடமையைப் பட்டியலில் தீர்த்துவிடுவதே அவற்றுக்கு வசதியாக இருந்தது. ஒரு வழி ஏன் இவ்வளவு கடினமாகவும் இன்னொரு வழி ஏன் இவ்வளவு எளிதாகவும் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், இந்தப் பொருளின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

முதலில் தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு தொகுதிக்கு ஒரு கட்சியிடம் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. தமிழ்நாட்டில் கட்சிகள் விருப்ப மனு வாங்கி நேர்காணல் நடத்தும் நாட்களை நினைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொந்த ஊர், சமூக வாக்குகள், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பன கேட்கப்படுகின்றன. அந்தத் தொகுதியில் ஏற்கெனவே வென்றவர் ஒருவர் இருப்பார். இல்லையென்றால், பல ஆண்டுகளாகக் கிளைகளை வளர்த்துவைத்திருக்கும் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். அவர் பெரும்பாலும் ஆண். அந்த இடத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது, கட்சித் தலைமையின் கண்ணில், பெயரும் ஆதரவாளர் கூட்டமும் உள்ள ஒருவருக்கு மறுப்பதாகும். தோற்றால் பழி தலைமைமீது விழும். மறுக்கப்பட்டவர் உள்ளடி வேலை செய்வார் என்ற அச்சமும் உண்டு. ஆகவே தலைமை பழகிய வழியிலேயே போகிறது. நேபாளத்தின் 165 தொகுதிகளிலும் தனித்தனியாக இதே முடிவு எடுக்கப்படும்போது, பெண்களை ஒதுக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடாமலேயே பெண்கள் ஒதுக்கப்பட்டுவிடுகிறார்கள்.

பட்டியல் முறையில் கணக்கு மாறுகிறது. பத்துப் பெயர்களைச் சேர்த்து எழுதும்போது, ஐந்து பெண்களைச் சேர்ப்பதற்காக எந்த ஒரு தொகுதியின் தலைவரையும் பெயர் சொல்லி வெளியேற்ற வேண்டியதில்லை. மேலும், பத்தும் ஆண்களின் பெயர்களாக இருந்தால் அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கட்சியின் மகளிர் அணியும் எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் கேள்வி கேட்கும். தனித்தனித் தொகுதிகளில் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதே தெளிவில்லை. பட்டியல்கள் போட்டியிடும் ஒரு மாவட்டத்திலிருந்து எத்தனை உறுப்பினர்கள் தேர்வாகிறார்கள் என்பதைவிட, அங்கே ஒவ்வொரு கட்சியும் எத்தனை இடங்களை எதிர்பார்க்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஒரே ஒரு இடத்தை எதிர்பார்க்கும் கட்சிக்கு நீண்ட பட்டியலும் ஓர் உறுப்பினர் தொகுதியும் ஒன்றுதான். முதல் பெயர் பெரும்பாலும் ஆணாகவே இருக்கும். நம் மாநிலங்களவைத் தேர்தல் சட்டப்படி விகிதாசார முறையில்தான் நடக்கிறது. ஆனாலும் ஒரு மாநிலத்தில் ஒரு கட்சி ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு சில இடங்களையே நிரப்புவதால், அங்கும் பெண்களின் பங்கு பெரிதாகக் கூடிவிடவில்லை.

விகிதாசார முறை வந்தால் பெண்கள் தானாக வந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் இலங்கையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உலகின் முதல் பெண் பிரதமரை 1960இல் தந்த நாடு அது. 1989 முதல் அங்கே பொதுத் தேர்தல்கள் மாவட்ட அளவிலான விகிதாசார முறையில் நடக்கின்றன. அப்படியிருந்தும் 2015இல் 225 உறுப்பினர்களில் 13 பேரும், 2020இல் 12 பேரும் மட்டுமே பெண்கள். இங்கே வினையாக இருப்பது விருப்பு வாக்கு. வாக்காளர் முதலில் கட்சிக்கு வாக்களித்து, பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை தேர்ந்து அவர்களின் எண்களுக்குப் புள்ளடி (X குறி) இடலாம். யார் அதிக விருப்பு வாக்குப் பெறுகிறாரோ அவரே உள்ளே போவார்; பட்டியலில் கட்சி யாரை எங்கே வைத்தது என்பதற்குப் பொருளில்லை. இதன் விளைவாக, எதிர்க்கட்சியோடு மட்டுமல்லாமல் சொந்தக் கட்சிக்காரர்களோடும் மாவட்டம் முழுவதும் போட்டியிட வேண்டியிருக்கிறது. அதற்குச் சுவரொட்டி, வாகனம், ஆள் பலம், பணம் எல்லாம் தனியாக வேண்டும். இவை யாரிடம் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கட்சிகளின் நாடளாவிய வாக்கு விகிதப்படி நிரப்பப்படும், விருப்பு வாக்கே தேவைப்படாத தேசியப் பட்டியலில் 29 இடங்கள் உள்ளன. கட்சிகள் மனம் வைத்திருந்தால் அங்கேயாவது பெண்களை நிறைய அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை என்பதை எண்ணிக்கையே காட்டுகிறது. 2024 தேர்தலில் ஒரு கூட்டணிக்கு ஆதரவாக வீசிய அலையில் பெண்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. அதுவும் 10%ஐ எட்டவில்லை.

அதே இலங்கையில், உள்ளூராட்சி மன்றங்களில் 25% இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் திருத்தப்பட்டு 2018இல் தேர்தல் நடந்தபோது, அதுவரை 2%ஐக்கூட எட்டாமலிருந்த பெண்களின் பங்கு ஒரே தேர்தலில் 20%ஐக் கடந்தது. வாக்காளர்கள் மாறவில்லை, கட்சிகள் மாறவில்லை, விதி மாறியது.

எனினும் விதி ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சொன்னால் பின்லாந்து மறுக்கும். அங்கும் வாக்காளர் பட்டியலுக்குள் ஒரு தனி வேட்பாளரைத்தான் தேர்ந்தெடுக்கிறார். அங்கே கட்டாய இட ஒதுக்கீடும் இல்லை. ஆனால் 2019 தேர்தலில் 200 உறுப்பினர்களில் 94 பேர் பெண்கள். வாக்குரிமையையும் தேர்தலில் நிற்கும் உரிமையையும் பெண்கள் 1906இலேயே பெற்று, 1907இல் 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த நாடு அது. கட்சிகள் பெண்களைப் பெருமளவில் நிறுத்துகின்றன. வாக்காளர்களில் பலர் பெண் வேட்பாளரையே தேடி வாக்களிக்கிறார்கள். நூறாண்டுப் பழக்கம் செய்வதை மற்ற நாடுகள் சட்டத்தால் விரைவாகச் செய்ய முயல்கின்றன என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சட்டங்களில் முன்னோடி அர்ஜென்டினா. 1991இல் அந்த நாடு, கட்சிப் பட்டியல்களில் குறைந்தது 30% பெண்கள் இருக்க வேண்டும் என்றும், வெற்றி வாய்ப்புள்ள வரிசையில் அவர்கள் இருக்க வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. இரண்டாவது நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பதைக் கோஸ்டா ரிக்கா காட்டியது. 1996இல் 40% ஒதுக்கீட்டைக் கொண்டுவந்த அந்த நாடு, பெயர்களின் வரிசையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கட்சிகள் பெண்களைப் பட்டியலின் அடியில் அடுக்கின. 1998இல் 57 உறுப்பினர்களில் 11 பேரே பெண்கள். வெற்றி வாய்ப்புள்ள இடங்களில் 40% என்று தேர்தல் தீர்ப்பாயம் தெளிவுபடுத்திய பிறகு, 2002இல் அது 20 ஆனது. ஸ்வீடனில் சட்டம் தேவைப்படவில்லை: சமூக ஜனநாயகக் கட்சி ஒரு பெண், ஓர் ஆண் என்று மாறி மாறிப் பெயர்களை எழுதத் தொடங்கிய 1994 தேர்தலில் பெண்கள் 40%ஐத் தாண்டினார்கள்.

அப்படியென்றால் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில் வழியே இல்லையா? உண்டு, ஆனால் கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் அறைக்குள்ளேயே விதி நுழைய வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் தொழிற்கட்சி, வெல்லக்கூடிய தொகுதிகளில் பாதியில் பெண்களை மட்டுமே கொண்ட தேர்வுப் பட்டியலை முன்வைப்பது என்று 1993இல் முடிவு செய்தது. 1992இல் 60ஆக இருந்த பெண் எம்.பி.க்களின் எண்ணிக்கை 1997இல் 120 ஆனது. அவர்களில் 101 பேர் அந்தக் கட்சியினர். இடையில் 1996இல் ஒரு தீர்ப்பாயம் இந்த முறை சட்டவிரோதம் என்றது. 2002இல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி அதற்கு இடம் தந்தது.

பிரான்ஸ் எடுத்த வழி அபராதம். வேட்பாளர்களில் பாதிப்பேர் பெண்களாக இல்லாத கட்சிக்கு அரசு நிதி குறைக்கப்படும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. பெரிய கட்சிகள் அபராதத்தைக் கட்டத் தயாராக இருந்தன. 2002 தேர்தலில் 577 பேர் கொண்ட தேசிய அவைக்கு 71 பெண்களே வந்தார்கள். ஆனால் அதே சட்டத்தின் கீழ் 2001இல் நடந்த நகராட்சித் தேர்தல்களில், பாதிக்குப் பாதி இல்லாத பட்டியலே ஏற்கப்படாது என்ற விதி இருந்த ஊர்களில், மன்றங்களில் ஏறக்குறைய பாதி இடங்கள் பெண்களுக்குக் கிடைத்தன. தண்டத்தொகைக்கும் வேட்புமனு நிராகரிப்புக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது.

கட்சிகளும் சட்டமும் ஒன்றையொன்று முந்த முயன்றதை மெக்ஸிகோவைவிடத் தெளிவாகக் காட்டும் நாடு இல்லை. அங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மாற்று உறுப்பினரும் சேர்த்தே தேர்ந்தெடுக்கப்படுவார். உறுப்பினர் விடுப்பு எடுத்தால் மாற்று உறுப்பினர் அவையில் அமர்வார். 2009 தேர்தலுக்கு 40% ஒதுக்கீடு இருந்தது. தேர்தல் முடிந்து அவை கூடிய சில நாட்களிலேயே பல பெண் உறுப்பினர்கள் விடுப்புக் கேட்டார்கள். அவர்களுடைய மாற்று உறுப்பினர்கள் ஆண்கள், சிலர் உறவினர்களும்கூட. ஒதுக்கீட்டைக் கணக்கில் காட்டுவதற்காக மட்டுமே அந்தப் பெண்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். இதைப் படிக்கும் நமக்கு, ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்காரும் காட்சி நினைவுக்கு வராமல் போகாது. 2011இல் தேர்தல் தீர்ப்பாயம், பெண் வேட்பாளரின் மாற்று உறுப்பினரும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்து அந்த ஓட்டையை அடைத்தது. 2014இல் அரசியலமைப்பே சரிபாதி வேட்பாளர்கள் பெண்கள் என்றது. அதோடு வந்த சட்டம், கட்சி மிகக் குறைந்த வாக்குகளைப் பெற்றிருந்த தொகுதிகளை மட்டும் பெண்களுக்குத் தள்ளிவிடுவதையும் தடுத்தது. 500 பேர் கொண்ட கீழவையில் 300 இடங்கள் ஓர் உறுப்பினர் தொகுதிகள்தான். அப்படியிருந்தும் 2021இல் 250 பெண்கள் தேர்வானார்கள்.

மெக்ஸிகோ அதிபர் ஆட்சி முறை கொண்ட நாடு. ஸ்வீடன் நாடாளுமன்ற முறை கொண்டது. இரண்டிலும் பெண்கள் ஏறக்குறைய பாதி. அதிபர் முறை கொண்ட அமெரிக்காவின் காங்கிரஸிலும், நாடாளுமன்ற முறை கொண்ட இந்தியாவின் மக்களவையிலும் பெண்களின் பங்கு இன்றுவரை 30%ஐத் தொட்டதில்லை. ஆட்சி முறையின் பெயரைப் பார்த்துப் பெண்களின் எண்ணிக்கையை ஊகிக்க முடியாது என்பதற்கு இதுவே போதும். வேட்பாளர் தேர்வு யார் கையில் இருக்கிறது என்பதன் வழியாகத்தான் ஆட்சி முறை தன் செல்வாக்கைக் காட்டுகிறது. அமெரிக்காவில் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்வு செய்கிறார்கள். கட்சித் தலைமை விரும்பினாலும் இத்தனை இடங்கள் பெண்களுக்கு என்று உத்தரவிட முடியாது.

கட்சிகளுக்கிடையே உண்மையான போட்டியே இல்லாத நாடுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியத்தின் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தில் 1980களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருந்தார்கள். மேலிருந்து வகுக்கப்பட்ட பங்கீடு அது. உண்மையான அதிகாரம் கொண்ட, கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் குழுவிலோ (பொலிட்பீரோ) பெண் முகம் காண்பதே அரிது. 1989இல் ஓரளவு போட்டியுடன் தேர்தல் நடந்ததும் பெண்களின் பங்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இன்று உலகப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் ருவாண்டாவையும் இந்தக் கவனத்தோடுதான் படிக்க வேண்டும். 2003 அரசியலமைப்பு பெண்களுக்கு 30% உறுதியளித்தது. 80 பேர் கொண்ட அவையில் 24 இடங்கள் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. மற்ற இடங்களில் பெரும்பாலானவை பட்டியல் முறையில் நிரப்பப்படுவதால் அங்கும் பெண்கள் வந்தார்கள். 2008இல் உலகிலேயே முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மையான நாடாளுமன்றம் அது. அது பெரிய சாதனைதான். ஆனால் அதிபரை எதிர்த்துப் பேச அந்த அவையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது எண்ணிக்கையில் தெரியாது.

இனி நம் நாடு. 2024 மக்களவையில் 543 பேரில் 74 பேர் பெண்கள், 13.6%. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஐந்தில் பெண்கள் வென்றார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 தொகுதிகளில் 12 பேர். இங்கே ஒரு கட்சி சட்டம் ஏதும் கட்டாயப்படுத்தாமலேயே சரிபாதி இடங்களைப் பெண்களுக்கு அளித்துவருகிறது: நாம் தமிழர் கட்சி 2019இலும் 2024இலும் தமிழ்நாடு, புதுச்சேரியின் 40 தொகுதிகளில் 20இல் பெண்களை நிறுத்தியது. ஒருவரும் வெல்லவில்லை; அக்கட்சியின் ஆண்களும் வெல்லவில்லை. 2024இல் அது தமிழ்நாட்டில் பெற்ற வாக்கு 8%க்குச் சற்று மேல். மாநிலம் முழுவதையும் ஒரே பட்டியலாகக் கொண்ட விகிதாசார முறையில் அதே வாக்கு ஏறக்குறைய மூன்று இடங்களாகியிருக்கும். பெயர்கள் ஆண், பெண் என்று மாறி மாறி இருந்திருந்தால் குறைந்தது ஒரு பெண்ணாவது டெல்லிக்குப் போயிருப்பார். அக்கட்சியின் கொள்கை பற்றிய கருத்து எதுவாக இருந்தாலும், இந்தக் கணக்கு பொதுவானது.

இந்தியா தேர்ந்தெடுத்த வழி பட்டியலும் அல்ல, கட்சிகளுக்கான கட்டாயமும் அல்ல. 1990களின் இறுதியில் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எம்.எஸ். கில், வேட்பாளர்களில் குறிப்பிட்ட பங்கைப் பெண்களுக்குக் கொடுக்கக் கட்சிகளைக் கட்டாயப்படுத்தலாம் என்றார். அப்படிச் செய்தால் கட்சிகள் ஜெயிக்க முடியாத தொகுதிகளைப் பெண்களுக்குத் தள்ளிவிடும் என்ற அச்சம் நியாயமானது என்பதை மெக்ஸிகோவின் அனுபவம் பின்னர் காட்டியது. 1996 முதல் திரும்பத் திரும்பத் தாக்கலாகி முடங்கி, இறுதியில் 2023 செப்டம்பரில் நிறைவேறிய 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம், தொகுதிகளையே ஒதுக்குகிறது: மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்குத் தொகுதிகளில் பெண்கள் மட்டுமே போட்டியிடலாம். மாநிலங்களவைக்கு இது பொருந்தாது. நடைமுறைக்கு வருவதை அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் அதன் பின்னான தொகுதி மறுவரையறையோடும் அந்தத் திருத்தம் பிணைத்தது. பெண்களின் உரிமையை வேறொரு பெரிய சர்ச்சையோடு முடிச்சுப் போட்டது சரியல்ல என்பது என் கருத்து.

ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் யார் வென்றாலும் பெண்தான் என்பதால் எண்ணிக்கை உறுதி. கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஒதுக்கீடு 15 ஆண்டுகளுக்கு என்றும், ஒதுக்கப்படும் தொகுதிகள் ஒவ்வொரு மறுவரையறைக்குப் பிறகும் சுழற்சியில் மாறும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒரு தொகுதி பொதுத் தொகுதியாக மாறியதும் அங்கே உழைத்த பெண்ணை ஓரங்கட்டிவிட்டுப் பழைய ஆண் தலைவரே திரும்பிவருவார் என்று பலர் வாதிடுகிறார்கள். இதற்கு ஓரளவு விடை தரும் சான்று மும்பை மாநகராட்சியில் கிடைத்தது. 1997இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு 2002இல் பொதுவாக மாறிய வார்டுகளையும், இரண்டு முறையும் பொதுவாகவே இருந்த வார்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, முதல் வகை வார்டுகளில் பெண் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக இருந்ததைக் கண்டது. ஒருமுறை வென்று தொகுதியை அறிந்துகொண்ட பெண்கள் மறுபடியும் போட்டியிட வந்தார்கள். பெண்ணை நிறுத்தினாலும் வெல்லலாம் என்பதைக் கட்சிகளும் கண்ணால் பார்த்திருந்தன.